அக்கா பேரில் வந்த பத்திரிகை

அக்கா தப்பு செய்தால் அது மறைந்து கிடக்காது. அவரே சொல்லிவிடுவார். யாரும் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுவார்.

விருத்தாசலத்தில் ஒரு சின்ன பீங்கான் யூனிட். இன்சுலேட்டர், பியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி எல்லாம் செய்வார்கள். நான் அங்கே லோடு ஆட்டோ ஓட்டினேன். அக்கா, சூளையிலிருந்து இறங்கும் சாமானைத் தட்டிப் பார்க்கிறவர். இடது கையில் சாமானைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையில் இருக்கும் சின்னக் கட்டையால் ஒரு தட்டு. நல்ல சாமான் கணீர் என்னும். விரிசல் விட்டது சொத்தென்று நிற்கும். புடவைக்கு மேல் வீட்டுக்காரருடைய பழைய சட்டை. முழங்கை வரை வெள்ளைத் தூள். குரல் பெரியது. மண் அரைக்கிற மில்லுக்குப் பக்கத்திலேயே வேலை பார்த்து அப்படி ஆகிவிட்டது. ரகசியம் பேசினாலும் கேட் வரை கேட்கும்.

அவருக்குப் பெயர் உண்டு. யூனிட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலாளிக்கும் அக்காதான். முதலாளி வயதில் பெரியவர்.

பீங்கான் வேலையில் சாமான் உடையாமல் இருக்காது. பின்பக்கம் உடைந்த ஓடுகளின் குவியல் ஒன்று மலை மாதிரி கிடக்கும். உடைந்தால் ஆள் பார்க்காத நேரம் பார்த்து அதில் போட்டுவிட வேண்டும். அப்புறம் அது யார் உடைத்தது என்று ஆண்டவனுக்கும் தெரியாது. அக்கா குவியல் பக்கம் போக மாட்டார். உடைந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு முன்பக்கம் ஆபீசுக்குப் போவார்.

"நாந்தான்" என்பார்.

ஒரு தடவை பலகையோடு ஜாடிகள் சாய்ந்துவிட்டன. பூனை ஓடியது. பார்த்தவர்கள் இருந்தார்கள். பூனை மேல் போட்டுவிடச் சொன்னார்கள்.

"பூன ஓடுனது நெசந்தான். பலகய ஓரத்துல வெச்சது யாரு? அதையும் பூனயா வெச்சிது?"

ஆபீசுக்குப் போனார். சொன்னார். கூலியில் பிடித்தார்கள். திரும்பி வந்து உட்கார்ந்து மிச்சச் சாமானைத் தட்ட ஆரம்பித்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார்.

மாசி மகத்துக்குக் கூட்டமான பஸ்ஸில் ஒருவர் காலை யாரோ மிதித்துவிட்டார்கள். அவர் பக்கத்தில் நின்ற ஆளைத் திட்ட ஆரம்பித்தார். மிதித்த அக்கா அதற்குள் கூட்டத்தோடு முன்னால் போய்விட்டார். டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அவர வுடுங்க. மெதிச்சது நாந்தான்." பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

எனக்கு அவரைப் பார்த்தால் கொஞ்சம் பயமாகவும் இருக்கும். திருடனிடம் இருக்கிற பயம் வேறு. இது கோயிலில் சாமிக்கு நேராக நிற்கிற மாதிரி.

எல்லோர் கையிலும் பெரிய போன் வந்தது. டீ நேரத்தில் அதைப் பற்றித்தான் பேச்சு. பேக்கிங் செய்கிற ஒரு பெண்ணுக்கு அந்தப் போன் என்றாலே நடுக்கம். தெரியாத மெசேஜைத் திறந்தாலே போன் செத்துவிடும், நம் போட்டோ எல்லாம் எங்கோ போய்விடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மெசேஜ் வந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிடும். தேளை டம்ளரால் மூடுகிற மாதிரி.

அக்கா எல்லாவற்றையும் திறப்பார். சத்தமாக வாசிப்பார். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்.

"'வாழ்த்துக்கள். உங்களுக்கு கார் விழுந்துள்ளது.' அடியே, எனக்குக் காரு வுழுந்திருக்காம்."

"எங்கக்கா வுழுந்திச்சாம்?"

"மணிமுத்தாத்துலதான். போயி எடுத்துட்டு வா."

இன்னொன்று. "'இன்று உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்.' நாம தட்டி அனுப்புற இன்சுலேட்டரு மேலதான் கரண்டே போவுது. நமக்கே கட் பண்றானாம்."

"தொறக்காதக்கா. தொறந்தா போச்சின்றாங்க."

"தொறந்துட்டேன். போனு அப்பிடியேதான் இருக்குது. நானும் அப்பிடியேதான் இருக்கறேன்."

முதலாளி வேறு மாதிரி. ஆபீஸ் கம்ப்யூட்டரில் தெரியாத பெயரில் மெயில் வந்தால் தொடவே மாட்டார். ஒரு நிஜ ஆர்டர் அந்தக் குப்பையோடு கிடந்துவிட்டது. ஆர்டர் கொடுத்தவர் நேரில் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். அதிலிருந்து முதலாளி எல்லாவற்றையும் திறந்தார். வந்த ஃபைல் எல்லாவற்றையும் இறக்கினார். கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. பஸ் ஸ்டாண்டு பக்கம் போன் கடை வைத்திருப்பவர் வந்து அதைச் சரி செய்தார். அக்கா கட்டையும் கையுமாக ஆபீஸ் வாசலில் போய் நின்றார்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். தொறந்து பாத்தாலே கெட்டுப்போவுமா, போவாதா? இங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

"வெறுமன படிக்கறதால பெரும்பாலும் ஒண்ணும் ஆவாதுக்கா. மெயிலா இருந்தா சிலதுல படம் இருக்கும். தொறந்ததும் அது அனுப்பனவன்கிட்டேர்ந்து வரும். இங்க ஆளு இருக்குது, படிக்குதுன்னு அவனுக்குத் தெரிஞ்சிடும். அப்பறம் இன்னும் நெறய அனுப்புவான். அதோட சரி. உள்ள இருக்கற லிங்க்க அமுக்கறது, கூட வர்ற ஃபைல எறக்கிப் போடறது, பதிலு எழுதறது, இதான் வம்பு. போனயும் அப்பப்ப அப்டேட் பண்ணிக்கங்க."

அக்கா தலையை ஆட்டிக்கொண்டு வந்து பேக்கிங் பெண்ணிடம் சொன்னார். "வாசல்ல வந்து நிக்கறவன ஏறிட்டுப் பாத்தா ஒண்ணும் இல்லியாம். உள்ள வுட்டாத்தான்."

அப்படித் தெளிவாகத் தெரிந்தவர்தான்.

ஆவணி மாதம். ஊரெல்லாம் முகூர்த்தம். அக்கா பெண்ணுக்கும் பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளை வீடு கருவேப்பிலங்குறிச்சி. நிலம் வைத்திருக்கிற குடும்பம். பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். தட்டு மாற்றிக்கொள்ள நாள் குறித்திருந்தது. அவ்வளவுதான் நெருக்கம். இன்னும் ஒருத்தரை ஒருத்தர் அளந்துகொண்டிருந்த நேரம்.

அக்கா போனுக்குக் கல்யாணப் பத்திரிகை ஒன்று வந்தது. முன்பு யூனிட்டில் வேலை பார்த்து நின்றுபோன ஒரு பெண்ணின் நம்பர். எங்கள் பக்கம் பத்திரிகை வந்தால் பிரிக்காமல் வைக்க மாட்டார்கள். பகையாளி வைத்தாலும் பிரித்து, மஞ்சள் தடவிய மூலையைப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பார்கள். பிரிக்காமல் போட்டால் அந்தக் கல்யாணத்தை அவமதித்த மாதிரி. கார் விழுந்ததை வாசித்துச் சிரித்த அக்காவுக்கு இதில் சந்தேகமே வரவில்லை. தெரிந்த பெண். கல்யாணம். அமுக்கினார். என்னவோ கேட்டது. சரி என்று அமுக்கினார். மறுபடியும் கேட்டது. அதற்கும் சரி. பத்திரிகை திறக்கவில்லை. போன் பழசாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் யூனிட்டில் எல்லோர் போனும் சத்தம் போட்டது. அக்கா பெயரில் கல்யாணப் பத்திரிகை.

பேக்கிங் பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர். "என்னாக்கா, பக்கத்துல பக்கத்துல ஒக்காந்திருக்கறோம். வெத்தல பாக்கு வெச்சிக் கூப்புட மாட்டியா? போன்லயா அனுப்புவ?"

"என்னாடி ஒளர்ற? தட்டே மாத்தல, நான் எங்கேர்ந்து பத்திரிக்க வெக்கறது?"

"இந்தா, உம் பேருதான போட்டிருக்குது."

அந்தப் பெண் வழக்கம்போலத் தொடவில்லை. போனை எட்டத்தில் பிடித்துக் காட்டியது. அக்கா பார்த்தார். கட்டையைக் கீழே வைத்தார். "தம்பி, வண்டிய எடு" என்றார்.

போன் கடைக்காரர் அக்கா போனை வாங்கியதும் முதலில் அணைத்தார். சிம்மை வெளியே எடுத்தார். அப்புறம்தான் பேசினார்.

"இது பத்திரிக்க இல்லக்கா. பத்திரிக்கன்னு பேரு வெச்ச ஆப்பு. நீங்க சரி சரின்னு அமுக்குனது எல்லாம், என் மெசேஜப் படிச்சிக்கோ, என் நம்பரு எல்லாத்தயும் எடுத்துக்கோன்னு சொன்ன மாதிரி. உங்களுக்குத் தெரிஞ்சவங்க எல்லாருக்கும் போயிருக்குது. அவங்கள்ள யாரு தொட்டாலும் அவங்க பேங்க்கு மெசேஜும் இத அனுப்பன திருடன் கைக்குப் போவும். அங்கேர்ந்து இன்னும் பரவும்."

"நிப்பாட்ட என்னா வழி?"

"சொல்லணும். தொடாதீங்கன்னு எல்லாருக்கும் சொல்லிடணும்."

என் போனைக் கொடுத்தேன். சேத்தியாத்தோப்பில் இருக்கும் தங்கச்சி நம்பர் ஒன்றுதான் அக்காவுக்கு மனப்பாடம். போட்டார். தங்கச்சி எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார். கட் செய்துவிட்டது.

"எடுக்க மாட்டாங்கக்கா" என்றார் கடைக்காரர். "தெரியாத நம்பர எடுக்காதன்னு எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி வெச்சிருக்கறோம். மெசேஜ் போட்டாலும் இதுதான் ஏமாத்து மெசேஜின்னு நெனப்பாங்க. உங்க போன்லேர்ந்து நம்பர எடுத்துத் தரட்டுமா? அப்பவும் இந்தக் கததான்."

"நம்பரு எதுக்கு? வூடு தெரியும்" என்றார் அக்கா.

அதற்குள் அவர் வீட்டுக்காரர் வந்துவிட்டார். ஜங்ஷனில் மூட்டை ஏற்றுகிறவர். தோளில் இன்னும் துண்டு மடித்துப் போட்டிருந்தது. விஷயம் அவருக்குப் போயிருந்தது.

"கருவேப்பிலங்குறிச்சிக்கும் போயிருக்குமே. பொண்ணுக்கு வேற எடத்துல முடிச்சிட்டம்னு நெனச்சிட மாட்டாங்களா?"

"நெனப்பாங்க."

"போனு தொலஞ்சிபோச்சி, எவனோ எடுத்து அனுப்பிட்டான்னு சொல்லிடு. முடிஞ்சிச்சி."

"தொலஞ்ச போனு இந்தா கெடக்குது பாருங்க, உங்க மூக்குக்கு நேரா."

"அப்ப மொதல்ல அங்க போ. பொண்ணு வாழ்க்க."

அக்கா வண்டியில் ஏறி உட்கார்ந்தார். நான் சாவியைத் திருப்பினேன். கருவேப்பிலங்குறிச்சி கிட்டத்தில்தான். சேத்தியாத்தோப்பு தூரம். எதுவும் கேட்காமல் பக்கத்து ஊருக்குத்தான் வண்டியைத் திருப்பினேன்.

"சேத்தியாத்தோப்பு போ, தம்பி."

"அக்கா, மாப்ள வூடு?"

"யாரு நம்மள ரொம்ப நம்பறாங்களோ அவங்கதான் மொதல்ல தொடுவாங்க. எந் தங்கச்சி நான் கெணத்துல குதின்னா குதிப்பா. மாப்ள வூட்டுக்காரங்க இன்னும் நம்மள நம்பல. நம்பாதவங்க தொட மாட்டாங்க. அவங்களுக்குக் கோவம்தான் வரும். கோவம் காத்திருக்கும்."

வீட்டுக்காரர் சாலையிலேயே நின்றார். கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. அவருக்கு அக்காவைத் தெரியும்.

சேத்தியாத்தோப்பில் தங்கச்சி வாசலிலேயே நின்றது. கையில் போன்.

"அக்கா! பத்திரிக்க அனுப்பிச்சியே, தொறக்கப் போறேன். என்னமோ கேக்குது, படிக்கலாம்னா கண்ணாடியக் காணும். காலையிலேர்ந்து தேடறேன். நீயே வந்துட்டியா, இந்தா படிச்சிச் சொல்லு."

அக்கா போனை வாங்கி அந்த மெசேஜை அழித்தார். அப்புறம்தான் மூச்சு விட்டார். காணாமல் போன கண்ணாடி தங்கச்சி தலை மேலேயே இருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

அங்கிருந்து வீடு வீடாக வந்தோம். சித்தப்பா மகன் வீடு. தையல் போடுகிற ஒருத்தி. சீட்டுப் பிடிக்கிற அம்மா. ஒவ்வொரு வாசலிலும் அக்கா உட்காரவில்லை. தண்ணீர் குடிக்கவில்லை. நின்றபடியே சொன்னார். "எம் பேர்ல ஒரு பத்திரிக்க வந்திருக்கும். தொடாதீங்க. நான் தொட்டேன், கெட்டேன். எங்கிட்டேர்ந்துதான் உங்களுக்கு வந்திச்சி."

தையல்காரி வீட்டில் அவள் மாமனார் சொன்னார். "இவ்ளோ பெரிய பொம்பள, இதுகூடத் தெரியாதா?"

"தெரியும் பெரியவரே. தெரிஞ்சேதான் தொட்டுட்டேன்."

நான் ஒன்றைக் கவனித்தேன். அக்கா சொல்லும் வரை எல்லோரும் வேறு எதையோ பேசிக்கொண்டு நிற்பார்கள். அவர் சொன்னதும் யாராவது உள்ளே போய் ஒரு போனை எடுத்து வருவார்கள். "எனக்கும் ஒரு சந்தேகம்" என்பார்கள். வேறு எதையோ அமுக்கியதாக இருக்கும். யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்ததாக இருக்கும். அக்கா சொல்லாமல் இருந்தால் அது வெளியே வந்தே இருக்காது. வண்டியைத் துடைக்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

கருவேப்பிலங்குறிச்சி போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

"வாங்க" என்றார். "பொண்ணுக்குக் கல்யாணமாமே. பத்திரிக்க வந்திச்சி. எடம் எந்த ஊருங்க?"

"அது பத்திரிக்க இல்லீங்க. பொண்ணுக்கு வேற எடம் எதுவும் பாக்கல. எனக்கு அந்த மாதிரி ஒண்ணு வந்திச்சி. நாந்தான் உள்ள வுட்டுட்டேன். அது எம் பேருல எல்லாருக்கும் போயிடிச்சி. தப்பு எம்மேலதான். நீங்க அதத் தொடாம அழிச்சிடுங்க."

அவர் தன் போனைப் பார்த்தார். "நான் தொடல. தொடற மாதிரியா இருந்திச்சி அந்தச் சேதி? காலையில வந்தது. இப்ப பொழுது போயி வர்றீங்க. பக்கத்துல இருக்கற எங்க வூட்டுக்கு வர இவ்ளோ நேரமா?"

இந்த இடத்தில் ஒரு பொய் போதும். வண்டி ரிப்பேர் என்றால் போதும். வண்டிக்காரன் நான் பக்கத்திலேயே நிற்கிறேன். ஆமாம் என்று தலையாட்டியிருப்பேன். அக்கா என் பக்கம் பார்க்கவே இல்லை.

"மொதல்ல சேத்தியாத்தோப்பு போனங்க. அப்பறம் இன்னும் பல வூடு. உங்க வூட்டுக்குக் கடைசியாத்தான் வரேன்."

"கடைசியா?"

"எங்கள நம்பறவங்கதான் மொதல்ல தொடுவாங்கன்னு அவங்க வூட்டுக்குப் போனேன். நீங்க இன்னும் எங்கள நம்பலன்னு நெனச்சேன்."

அவர் சேரின் கையைப் பிடித்தார். முடிந்தது என்று நான் நினைத்தேன். அந்தப் பெண்ணை நான் சின்ன வயதிலிருந்து பார்த்தவன். அது முகம் எனக்கு முன்னால் வந்தது.

கதவு ஓரத்தில் மாப்பிள்ளையின் அம்மா நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அவர் உள்ளே போனார். அரிசி டிரம்மின் மூடி விழுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு போன். அதில் அரிசி நொய் ஒட்டியிருந்தது.

"நான் தொட்டுட்டேன்" என்றார். "காலையில வந்த ஒடனே தொட்டுட்டேன். பொண்ணோட அம்மா அனுப்பனதாச்சே, நம்ம பையன் பேரு போட்டுத்தான் அடிச்சிருப்பாங்கன்னு. அதுவா என்னென்னமோ பண்ணிச்சி. பயந்துபோயி அரிசிக்குள்ள வெச்சிட்டேன். இவருகிட்ட சொல்லல."

"நீயா?" என்றார் அவர்.

அக்கா அந்த அம்மாளையே பார்த்தார். அவர் முகம் மாறி நான் பார்த்தது அப்போதுதான். பலகை சாய்ந்தபோதுகூட மாறாத முகம்.

"நான் தப்புக் கணக்கு போட்டுட்டேன்" என்றார். "நீங்க என்ன நம்பியிருக்கீங்க. உங்க வூட்டுக்குத்தான் மொதல்ல வந்திருக்கணும். ஒரு பகலு முழுக்க உங்களத் தனியா வுட்டுட்டேன்."

ஒரே நாளில் இரண்டு தப்பு. இரண்டாவதை யாரும் கண்டுபிடித்திருக்கவே முடியாது. அது அக்கா நெஞ்சுக்குள் மட்டும் இருந்த கணக்கு. அதையும் எடுத்து அந்த வாசலில் வைத்துவிட்டார். நான் படிப்பு இல்லாதவன். பெரிய மனிதர்கள் என்று யார் யாரையோ மேடையில் பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பார்த்த மாதிரி ஒருவரைப் பார்த்ததில்லை.

அக்கா அந்தப் போனை வாங்கி அணைத்தார். கொண்டை ஊசியால் சிம்மை வெளியே எடுத்தார். கடைக்காரர் செய்ததை அப்படியே செய்தார். பேங்கில் காலையில் முதல் வேலையாகச் சொல்லிவிட வேண்டும் என்றார்.

"இதுலேர்ந்து யார் யாருக்குப் போயிருக்கும்?"

"எங்க அண்ணன் வூடு. ஓரகத்தி. இந்தத் தெருவுல பாதி வூடு" என்றார் அந்த அம்மாள். சொல்லும்போதே அழுகை வந்தது.

"அப்ப வாங்க. மொதல்ல அண்ணன் வூடு."

"இருங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "பொம்பளைங்க ரெண்டு பேரும் வூடு வூடா போயி, நாங்க ஏமாந்துட்டம்னு சொல்லப்போறீங்களா? ஊரு என்னா பேசும்?"

அந்த அம்மாள் புருஷனைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலில் கிடந்த செருப்பில் காலை நுழைத்தார்.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். விறுவிறு என்று உள்ளே போனார். கதவைச் சாத்தப் போகிறார் என்று நினைத்தேன். கையில் டார்ச் லைட்டோடு திரும்பி வந்தார். தட்டிப் பார்த்தார். எரிந்தது. அக்காவிடம் நீட்டினார்.

"தெரு மேடும் பள்ளமுமா இருக்கும். பாத்துப் போங்க, சம்பந்தி."